விலை கூடிய மடிக்கணினிகள் உண்மையிலேயே உறுதியாகச் செய்யப்பட்டவையா?

நெல்லை வாசகன்:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு என் மகளுக்கு 42,000 ரூபாயில் 15.6 அங்குலத் திரையுள்ள மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவள் இயந்திரவியலில் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். போன மாதம் விடுதியில் ஒரு காலை மூடியைத் திறந்தபோது ‘படக்’கென்று சத்தம் கேட்டதாம், இடப்பக்க மூலையில் திரையைச் சுற்றியுள்ள சட்டம் வாயைப் பிளந்துகொண்டது. கணினி இன்னும் ஓடுகிறது, திரையிலும் ஒரு கோடு கிடையாது. ஆனால் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடிகிறது. சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, மூடியும் விசைப்பலகைத் தட்டும் சேர்த்து மாற்ற 11,500 ரூபாய் ஆகும் என்றும், வாரண்டி ஓராண்டோடு முடிந்துவிட்டது, முடியாமல் இருந்திருந்தாலும் இது உடைப்புக் கணக்கில் வருமே தவிரப் பழுதுக் கணக்கில் வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

புதிதாகவே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், விற்பனையாளர் 96,000 ரூபாய்க் கணினி ஒன்றை எடுத்து வைத்து, அதன் மூடியை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, “நீங்களே தட்டிப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கும்” என்றார். தட்டிப் பார்த்தேன், கல் மாதிரிதான் இருந்தது. என் மைத்துனரோ, எல்லாம் ஒரே தொழிற்சாலையில் உருவாகிறவை, மேலே ஒட்டுகிற பெயருக்குத்தான் பணம் என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆட்டோகேட், பைத்தான், கல்லூரிச் செய்முறை அறிக்கைகள், இவ்வளவுதான் அவளுடைய வேலை. கூடுதலாகக் கேட்கும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் கணினியின் கட்டுமானத்துக்குப் போகிறதா, வேறு எதற்காவது போகிறதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன்:

ஐயா, பதினெட்டு ஆண்டுகளாக மதுரையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மகளின் கணினியை நேரில் பார்க்காமலே அதன் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். என் மேசைக்கு வருகிற விலை குறைந்த கணினிகளில் அதிகம் பார்ப்பது இந்தப் பழுதைத்தான்.

மடிக்கணினியின் கீல் கதவுக் கீலைப் போலத் தளர்வாகச் சுழல்வது அன்று. எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காக, எஃகு அச்சின்மேல் வளையங்களை அடுக்கி, நட்டால் இறுக்கி, உராய்வினால் பிடித்து வைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் அந்த உராய்வை வெல்ல நாம் கொடுக்கும் விசை கீலின் காலுக்கு இறங்குகிறது. அந்தக் கால் எதில் ஊன்றியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலை குறைந்த கணினியின் விசைப்பலகைத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், மூலையில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு மூன்று பிளாஸ்டிக் குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் சூடாக்கி அழுத்திப் பதித்த பித்தளை மரை ஒன்று இருக்கும். கீலின் திருகு அதற்குள்தான் இறங்குகிறது. இரண்டு ஆண்டுகள் திறந்து மூடிய பின், குமிழின் அடியில் மயிரிழை போல விரிசல் விடும். ஒரு நாள் பித்தளை மரை, வேர் ஆடிய பல் மாதிரி, திருகோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். அதன் பிறகு திறக்கிற ஒவ்வொரு முறையும் கீலின் கால் மேலே எம்பித் திரைச் சட்டத்தைப் பிளக்கும். நாள் போகப் போக உராய்வுப் பசை காய்ந்து கீல் இறுகுவதும், பெரும்பாலானவர்கள் மூடியை நடுவில் பிடிக்காமல் ஒரு மூலையைப் பிடித்தே தூக்குவதும் இந்தச் சாவைச் சீக்கிரமாக்குகின்றன.

உறுதியாகச் செய்த கணினியில் அதே கீல் மக்னீசியம் கலவைச் சட்டத்திலோ கெட்டியான அலுமினியத்திலோ நேராக இறங்கியிருக்கும். அப்படிப்பட்டதில் கீல் பிடுங்கிக்கொண்டு வந்ததை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்து அடிபட்டவை அவை. ஆனால் இங்கே ஒரு சூது இருக்கிறது. அறுபது, எழுபதாயிரத்துக்கு விற்கும் சில கணினிகளில் வெளியே தெரிவது மெல்லிய அலுமினியத் தகடு மட்டுமே. அதன் அடியில் பிளாஸ்டிக் விலா எலும்புகளைப் பசையிட்டு ஒட்டி, அந்தப் பிளாஸ்டிக்கில்தான் பித்தளை மரையைப் பதித்திருக்கிறார்கள். வெளியில் உலோகம், பாரம் தாங்குவது பழைய குமிழ்தான். மூடியைத் தட்டிப் பார்த்தால் இது தெரியாது. கல் மாதிரிதான் இருக்கும்.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடவும் கூடாது. கண்ணாடி இழை கலந்த நல்ல பிளாஸ்டிக் உடல், பேருந்துப் படியில் இடிபட்டால் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அலுமினியம் நசுங்கினால் நசுங்கியதுதான்; மூலை நசுங்கி, மூடியும் உடலும் பொருந்தாமல், அந்த அழுத்தத்தில் திரைக் கண்ணாடி உடைந்து வந்தவை என்னிடம் உண்டு.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சார்ஜர் செருகும் துளை. அது சிறு கம்பியோடு தனித் துண்டாக இருந்தால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தால், கட்டிலில் படுத்தபடி வேலை செய்பவர்கள் கம்பியை இழுக்கிற இழுப்பு முழுவதும் போர்டில் போய் விழும். இதில் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை. 1,20,000 ரூபாய்க் கணினியிலும் போர்டில் பற்றவைத்த டைப்-சி துளைதான் பெரும்பாலும். இரண்டு, விசைப்பலகை. பழைய அலுவலகக் கணினிகளில் இரண்டு திருகைக் கழற்றினால் விசைப்பலகை கையோடு வரும், பத்து நிமிட வேலை. இப்போது விலை குறைந்தவற்றிலும் கூடியவற்றிலும் ஒன்றுபோல, பிளாஸ்டிக் முனைகளை உருக்கித் தட்டோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒரு எழுத்து போனால் ஐம்பது, அறுபது முனைகளைப் பிய்த்து மறுபடியும் உருக்க வேண்டும்.

விலை உயர்ந்த கணினிகளும் என் மேசைக்கு வருகின்றன, வேறு நோய்களோடு. பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியிருக்கும். பேட்டரியைப் பசையிட்டு ஒட்டியிருப்பதால் அதை எடுப்பதே நெஞ்சு படபடக்கிற வேலை. காப்பி கொட்டியிருக்கும், சேமிப்பகச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால் போர்டு போனால் கல்யாணப் படங்களும் போகும். நாற்பதாயிரம் ரூபாய்க் கணினியில் நீர் புகுந்தால், தனியாகச் செருகியிருந்த எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைக் கழற்றி வேறொன்றில் செருகி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஐயப்பாடு:

பட்டறைக்காரர் எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பழுதாகிக் கடைக்கு வந்தவற்றை மட்டும் வைத்து முடிவு செய்தால், ஓடிக்கொண்டிருப்பவை கணக்கில் வராமல் போகும். 2009ஆம் ஆண்டில் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க வாரண்டி நிறுவனம் தன்னிடம் பதிவான ஏறத்தாழ 30,000 மடிக்கணினிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் 31 விழுக்காடு கணினிகள் செயலிழக்கும் என்றும், அதில் 20.4 விழுக்காடு வன்பொருள் பழுது, மீதி 10.6 விழுக்காடு கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது போன்ற விபத்து என்றும் அது கணக்கிட்டது. நெட்புக்கு என்று அழைக்கப்பட்ட அன்றைய மிக மலிவான சிறு மடிக்கணினிகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பழுதாயின. ஆனால் 1,000 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கும் அதற்குக் கீழ்ப்பட்ட சாதாரண மடிக்கணினிகளுக்கும் இடையே முதல் ஆண்டுப் பழுதில் இருந்த வேறுபாடு அரை விழுக்காட்டுப் புள்ளிதான். பழைய கணக்கு என்பதும், நெட்புக்கு என்ற இனமே மறைந்துவிட்டது என்பதும் உண்மை. இருந்தாலும், இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு உழைக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைக்கவில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி மெல்லிய உடலுக்குப் போகிறது என்பது என் கருத்து. மெல்லியதாகச் செய்வது உண்மையிலேயே செலவு பிடிக்கும் வேலை. ஆனால் அது உறுதிக்குத் துணை நிற்பதைவிட எதிராக நிற்பதே அதிகம். இதற்கு உலகறிந்த சான்று ஆப்பிளின் ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகை. 2015இல் 12 அங்குல மேக்புக்கில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு மேக்புக் புரோவுக்கும் வந்தது. விசையின் உயரத்தைக் குறைக்கப்போய், ஒரு துகள் தூசி உள்ளே புகுந்தாலும் எழுத்து விழாமலோ இரட்டையாகவோ விழும் நிலை ஏற்பட்டது. 2018 ஜூனில் அந்த விசைப்பலகைகளை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை நிறுவனமே அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய கத்தரி வடிவ அமைப்புக்கே திரும்பியது. இதற்காக வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2022இல் 5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அதே காலத்து 13 அங்குல மேக்புக் புரோவில் திரைக்குப் போகும் மெல்லிய நாடாக் கம்பி மூடித் திறந்து தேய்ந்து, திரையின் அடியில் மேடை விளக்குகள் போல ஒளி சிதறத் தொடங்கியது. நாடா திரையோடு பிணைந்திருந்ததால் திரையையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் 2019 மே மாதத்தில் இலவசத் திட்டம் அறிவித்தார்கள். உலகின் மிகச் சிறந்த உலோக வேலைப்பாடு என்று பெயர் எடுத்த உடலுக்குள் இருந்தவை இவை. மேக்புக்கின் உடல் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து எடுக்கப்படுவது. அதில் கீல் பிடுங்கிக்கொண்டு வரும் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் கணினியின் ஆயுளைத் தீர்மானித்தது உடல் அல்ல, உள்ளே இருந்த ஒரு நாடாவும் ஒரு விசையும்.

இன்னொன்று. விளம்பரங்களில் ‘மில்-எஸ்.டி.டி-810’ என்ற அமெரிக்க இராணுவச் சோதனைத் தரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஒரு முத்திரை அன்று, சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், குளிர், தூசி, அதிர்வு, வீழ்ச்சி என்று பல சோதனைகள் அதில் இருக்கின்றன. எவற்றைச் செய்வது, எந்த அளவுக்குச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேறியது என்று சான்று கொடுக்கும் இராணுவ அலுவலகம் எதுவும் கிடையாது. உண்மையாகச் சோதித்து எழுதுகிறவர்களும் உண்டு, பேருக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அட்டைப்பெட்டியில் இரண்டும் ஒரே வரியாகத்தான் அச்சாகும்.

ஓ.எம்.ஆர். பொறுப்பாளர்:

சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஏறத்தாழ நானூறு மடிக்கணினிகளை வாங்குவதும் பராமரிப்பதும் என் பொறுப்பு. திரு. நெல்லை வாசகன் ‘விலை கூடியது, விலை குறைந்தது’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார். எங்கள் தொழிலில் அப்படிப் பிரிப்பதில்லை. வீட்டுக்கு விற்கும் வரிசை, அலுவலகத்துக்கு விற்கும் வரிசை என்றுதான் பிரிப்போம். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, ஹெச்.பி.யின் எலீட்புக், டெல்லின் லேட்டிட்யூட் போன்றவை இரண்டாம் வகை. டெல் நிறுவனம் 2025இல் பெயர்களை மாற்றி, லேட்டிட்யூட் என்பதை டெல் புரோ என்று ஆக்கிவிட்டது. பெயர் மாறினாலும் பிரிவு அதேதான்.

மைத்துனர் சொன்னது பாதி சரி. உலகில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பகுதியைக் குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் ஆகிய தைவான் நிறுவனங்களே பல பெயர்களுக்காகச் செய்து தருகின்றன. ஒரே நிறுவனம் நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளையும் செய்யும், ஒன்றரை இலட்சத்துப் பொருளையும் செய்யும். ஆனால் ஒரே தையற்காரரிடம் போனாலும், நாம் என்ன துணி கொடுக்கிறோம், எத்தனை தையல் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தானே சட்டை அமையும்? கீல் எத்தனை முறை திறந்து மூடினாலும் தாங்க வேண்டும், விசைப்பலகையில் எவ்வளவு நீர் கொட்டினாலும் ஓட வேண்டும், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்பதையெல்லாம் பெயர் போடுகிறவர் எழுதிக் கொடுக்கிறார். ஆயிரக்கணக்கில் வாங்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இவற்றைக் கேட்டுப் பேரம் பேசுகின்றன. கடையில் ஒன்று வாங்குகிறவர் செயலியின் பெயரையும் திரையின் பளபளப்பையும் கேட்கிறார். கேட்டதைத்தான் செய்கிறார்கள்.

திங்க்பேட்டின் விசைப்பலகைக்கு அடியில் நீர் வழிந்து கீழே இறங்கிப்போகச் சிறு வாய்க்கால்கள் உண்டு. வீட்டு வரிசையில் அந்த வாய்க்கால்களுக்காக யாரும் கூடுதல் பணம் தருவதில்லை. அதைச் செய்யும் லெனோவோ நிறுவனம் தன் கணினியை எந்த வரிசையில் எந்தத் திருகைக் கழற்றித் திறக்க வேண்டும் என்ற பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, டெல்லும் ஹெச்.பி.யும் அவ்வாறே. வாங்குவதற்கு முன் அந்தக் கையேட்டைப் பதிவிறக்கி, கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது, பேட்டரியை எடுக்க எத்தனை படி என்று பாருங்கள். கடைக்காரர் முட்டியால் தட்டிக் காட்டுவதைவிட அரை மணி நேரம் இதில் செலவிடுவது மேல்.

ஐயப்பாடு அவர்கள் தந்த எண்களில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி, விபத்துக்கு உரிய பத்து விழுக்காடு. எங்கள் அலுவலகத்தில் தானாகக் கெட்டுப்போகும் கணினியைவிட, கைதவறி விழுந்ததும், தேநீர் கொட்டியதும், வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிய பையோடு சுவரில் இடித்ததும்தான் அதிகத் தலைவலி. அலுவலக வரிசைக்கு நாங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு உடலுக்கு. இன்னொரு பங்கு, மூன்றாண்டு வரை, புகார் கொடுத்த மறுநாளே ஆள் வந்து நம் இடத்திலேயே சரிசெய்து தரும் வாரண்டிக்கும் விபத்துக் காப்புக்கும். வீட்டு வரிசைக் கணினிக்கும் வாங்கும்போதே சில ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் இந்தக் காப்பு பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் மகளுக்கு வந்த 11,500 ரூபாய்ச் செலவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உள்ளே இருக்கும் சில்லுகளைப் பொறுத்தவரை விலை ஒன்றும் காப்பாற்றாது என்பதற்கு இன்னொரு பழைய சான்றும் உண்டு. 2008இல் என்விடியா தன் மடிக்கணினி வரைகலைச் சில்லுகளில் ஒரு பகுதி, சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து இணைப்பு விட்டுப்போவதை ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்ய 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தச் சில்லு போட்ட கணினிகள் பல பெயர்களில் விற்றன. அன்றைய நிலையில் வரைகலைச் சில்லு தனியாக உள்ளவையே விலை கூடியவை என்பதால், அதிகம் கொடுத்தவர்களே அதில் மாட்டிக்கொண்டார்கள்.

கடலோரத்தாள்:

நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். உலோக உடல் என்று ஆசைப்பட்டு வாங்கிய கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டு மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வது போல ‘சுருசுரு’ என்கிறது. முதலில் பயந்தே போனேன். இரண்டு முள் சார்ஜரில், மின் இரைச்சலை அடக்க உள்ளே வைத்திருக்கும் சிறு மின்தேக்கி வழியாக மிக மெல்லிய மின்கசிவு உடலுக்கு வரும், நல்ல சார்ஜராக இருந்தால் ஆபத்தில்லை, எர்த் உள்ள மூன்று முள் கம்பி போட்டால் நின்றுவிடும் என்று என் தம்பி சொன்னான். மாற்றினேன், நின்றது. பிளாஸ்டிக் உடலில் இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. மகள் விடுதியில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

நெல்லை வாசகன்:

அனைவருக்கும் நன்றி. பட்டறைக்காரர் எழுதியதைப் படித்த அன்றே பாளையங்கோட்டையில் தெரிந்த ஒருவரிடம் பழைய கணினியைக் கொடுத்து, அடித்தட்டைக் கழற்றச் சொல்லி அருகில் நின்று பார்த்தேன். இடது மூலையில் மூன்று குமிழ்களில் இரண்டு அடியோடு பெயர்ந்து கிடந்தன. பித்தளை மரை திருகின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பல் மாதிரி என்று எழுதியிருந்தீர்களே, பல் மாதிரியேதான் இருந்தது. உடைந்த பொட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் இதன்மேலா நின்றது என்று தோன்றியது.

ஓ.எம்.ஆர். நண்பர் சொன்ன அலுவலக வரிசையைப் புதிதாக வாங்க என்னால் ஆகாது. நான் பார்த்த வரையில் ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் நிறுவனங்கள் கழித்துக் கொடுத்தவற்றைச் சுத்தம் செய்து 25,000 முதல் 35,000 ரூபாய் வரை விற்கிறார்களே, அவற்றை நம்பலாமா?

ஓ.எம்.ஆர். பொறுப்பாளர்:

நம்பலாம், கண்ணைத் திறந்துகொண்டு. நாங்களே நான்காண்டு ஆனதும் கழித்துவிடுகிறோம். சென்னை ரிச்சி தெருவில் விற்கிறவற்றில் இப்படி வந்தவை நிறைய. உடலும் கீலும் இன்னும் பல ஆண்டு தாங்கும், ஆனால் பேட்டரி களைத்திருக்கும். புதுப் பேட்டரியின் விலையைச் சேர்த்தே கணக்கிடுங்கள். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழ் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினியை இயக்கி, விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து, பழைய நிறுவனத்தின் கடவுச்சொல்லோ, தொலைவிலிருந்தே கணினியை முடக்கும் தொலைப்பூட்டோ எஞ்சியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் பயனில்லை. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் உடலுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரையில் மிச்சம் பிடிக்கும். பழைய அலுவலகக் கணினிகளில் பல மங்கலான திரை உடையவை. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். ஆட்டோகேடின் மெல்லிய கோடுகளை நாள் முழுவதும் பார்க்கப்போகும் பெண்ணுக்கு அது சிறிய குறை அன்று. ஆகவே 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளிறாத ஐ.பி.எஸ். வகைத் திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐயப்பாடு:

அதற்கு வாரண்டி எவ்வளவு கொடுப்பார்கள்? பெரும்பாலும் ஆறு மாதம், அதுவும் கடைக்காரரின் வாய்ச்சொல். புதிய 45,000 ரூபாய்க் கணினியோடு விபத்துக் காப்பும் வாங்கினால் மூன்று ஆண்டு நிம்மதி. உடலின் உறுதி ஒரு பக்கம் இருக்கட்டும், உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் தராசில் வைக்க வேண்டும். இதில் பொறுப்பாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபடும் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரன்:

நீங்கள் இருவரும் சொல்வதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். அதற்கு முன் நெல்லை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பழைய கணினியில் கெட்டுப்போனது மூன்று குமிழ்கள் மட்டுமே. திரை நன்றாக இருக்கிறது, போர்டு நன்றாக இருக்கிறது. 11,500 ரூபாய் கொடுத்துத் தட்டையே மாற்றினால், மறுபடியும் அதே குமிழ்களைத்தான் வாங்குகிறீர்கள். அதற்குப் பதில், குமிழ் இருந்த இடத்தில் தட்டைத் துளையிட்டு, மேலிருந்து தட்டைத் தலையுள்ள மெல்லிய போல்ட்டை இறக்கி, கீலின் காலை அடியில் நட்டு வைத்து இறுக்கிவிட்டு, சுற்றிலும் எபாக்சி பசை நிரப்பினால் முன்பைவிட உறுதியாக நிற்கும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை. பார்க்க அழகாக இருக்காது. பசை காய ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் திறந்து பார்க்கிறவர்கள்தான் மறுபடியும் என்னிடம் வருகிறார்கள்.

நெல்லை வாசகன்:

செய்துவிட்டேன். அந்தக் கடைக்காரர் முதலில் தயங்கினார். உங்கள் பதிவைக் காட்டியதும் 1,200 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். விசைப்பலகைக்கு மேலே இடது ஓரத்தில் இரண்டு போல்ட்டுத் தலைகள் வெளியே தெரிகின்றன. மகள் அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது வாங்கும்போதே இருந்திருக்கலாமே அப்பா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிது வாங்குவதை அவள் வேலைக்குப் போகும் வரை தள்ளிவைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரன்:

மகிழ்ச்சி ஐயா. வலப்பக்கக் குமிழ்களும் அதே வயதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது இரண்டு கீல்களின் நட்டையும் கால் சுற்று தளர்த்தித் தரச் சொல்லுங்கள். திரை தானாகச் சாயாத அளவுக்கு மட்டும். யாராவது எண்ணெய் விடலாம் என்றால் விடவேண்டாம். உராய்வு போய்விட்டால் திரை நிற்காது. அதுவரை மூடியை நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள்.